எடுப்பவர்: யாராவது

கேட்டதைக் கேட்ட அளவுக்கு ராக்கையா கொடுத்ததாகச் சரித்திரமே இல்லை. நாற்பது வினாடி வீடியோ கேட்டால் இருபது வரும். ஒரு நிமிடம் கேட்டால் அரை நிமிடம் வரும், அதிலும் ஐந்து வினாடிக்கு அவருடைய கட்டைவிரல்தான் தெரியும். அதனால், குரங்கணி ஏலத்தோட்டத்தில் மழைச் சேதம் என்று எழுதி வைத்திருந்த வரிக்கு நேராக அன்று மாலை ஐந்தே முக்காலுக்குச் சிவப்பு மறைந்து பச்சை விழுந்து, கேட்டது நாற்பது, வந்தது நாற்பது என்று கணினி காட்டியபோது அனுசியாவுக்குச் சந்தோஷம் வரவில்லை. எங்கேயோ தப்பு நடந்திருக்கிறது என்றுதான் தோன்றியது.

போடி கடைத்தெருவில், ஏலக்காய் தரம் பிரிக்கும் கடை ஒன்றின் மாடியில் இருந்தது அந்த உள்ளூர் கேபிள் சேனல். கீழே சல்லடையில் காய் உருளும் சத்தம் காலையிலிருந்து மாலை வரை தரை வழியாகக் காலில் ஏறிக்கொண்டே இருக்கும். ஏலக்காய் வாசம் சேலையில், தலைமுடியில், டிபன் பாக்ஸில் திறக்கும் தயிர்சாதத்தில்கூட இருக்கும். ஏழு மணிக்கு அரை மணி நேரச் செய்தி. முதலாளி ஈஸ்வரனே செய்தி வாசிப்பார். எழுதுவது, அடுக்குவது, வீடியோவை ஓட்டுவது எல்லாம் அனுசியா. மலைப்பக்கம் கேமராவோடு அலைவது ராக்கையா. ஆபீஸ் என்றால் இவ்வளவுதான்.

செய்தியைக் காலையிலேயே அடுக்கிவிடுவாள். வீடியோ அப்போது எடுத்திருக்கவே மாட்டார்கள் என்பதால், அது வந்து உட்கார ஒரு காலி இடத்தைக் கணினியில் கேட்டு வாங்கி வைக்க வேண்டும். அதை ஆபீஸில் டம்மி என்பார்கள். டம்மி போட நான்கு விஷயம் நிரப்ப வேண்டும்: என்ன வேண்டும், எத்தனை வினாடி, கேட்டவர், எடுப்பவர். நிரப்பினால் சிவப்பாக நிற்கும், கேட்டது முழுக்க வந்தால் பச்சையாகும். ராக்கையாவின் கை தெரிந்ததால் எப்போதும் இரட்டிப்பாகக் கேட்பது அவள் வழக்கம். சந்தையில் பாதி விலைக்குக் கேட்பது மாதிரிதான், யாருக்கும் அதில் மனத்தாங்கல் கிடையாது.

எடுப்பவர் என்ற கட்டத்தில்தான் வம்பு. வீடியோ வராத டம்மியில் ராக்கையா பெயர் இருந்தால், ஈஸ்வரன் மறுநாள் போனைப் போட்டு, கீழே காய் பொறுக்கும் பெண்கள் நிமிர்ந்து பார்க்கிற அளவுக்கு அவரைக் கிழித்துத் தோரணம் கட்டுவார். அறுபதை நெருங்கும் மனிதர் ஒருநாள் மாடிப்படியில் நின்று, "என் பேரைப் போடாத தாயி, வந்தா வந்துச்சு, வராட்டி எவன்னே தெரியாமப் போகட்டும்" என்று கெஞ்சினார். கேட்க அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. ஆனால் கட்டத்தை வெறுமனே விட்டால் கணினி ஒப்புக்கொள்ளாது. அதனால் 'யாராவது' என்று அடித்து வைத்தாள். எட்டு மாதமாக எல்லா டம்மியிலும் எடுப்பவர் யாராவது.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு குரங்கணி வீடியோவை ஓட்டினாள். சாய்ந்து கிடக்கும் ஏலச்செடிகள், தோட்டக்காரர் ஒருவர் அழுகிய காயைப் பிதுக்கிக் காட்டுவது, ஓரத்தில் கட்டைவிரல். இருபத்திரண்டு வினாடி. ராக்கையா எடுத்தது அவ்வளவுதான் என்று பார்த்தாலே தெரிந்தது. ஆனால் காட்சி நிற்கவில்லை.

இருபத்து மூன்றாவது வினாடியில் ராக்கையாவே படத்தில் இருந்தார். செடிகளுக்கு நடுவில் முதுகைக் காட்டிக் குனிந்து, தன் கேமராவைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். படம் துளியும் ஆடவில்லை. இலையிலிருந்து இலைக்கு நீர் சொட்டுவது, தூரத்தில் ஓடை இரைவது, ராக்கையா செருமுவது எல்லாம் காதுக்குள் தெளிவாகக் கேட்டன. படம் எடுக்கிறவரின் மூச்சு மட்டும் கேட்கவில்லை, சேற்றில் கால் மாற்றி வைக்கிற சத்தமும் இல்லை. கொஞ்ச நேரம் அவரைப் பார்த்துவிட்டுக் கேமரா திரும்பியது, அகலமான இலைகள் இரண்டு பக்கமும் வழுக்கி விலக, கீழே இறங்குகிற பாதையில் போகத் தொடங்கியது. நாற்பதாவது வினாடியில் நின்றது.

அனுசியா போனை எடுத்தாள். குரங்கணி டீக்கடையிலிருந்து ராக்கையா பேசினார்.

"அண்ணே, தோட்டத்துக்கு வேற யாரும் கேமரா கொண்டாந்தாங்களா?"

"இந்த மழையில எவன் வருவான் தாயி? நானே அட்டைக்கடியோட எறங்கி வந்து உக்காந்திருக்கேன்."

"எத்தனை செகண்டு அனுப்புனீங்க?"

"இருவது, இருவத்தஞ்சு இருக்கும். இருட்டிக்கிட்டு வந்துச்சு, அதான். சார்ட்ட சொல்லிராத."

அவர் முதுகுக்குப் பின்னால் நின்று யாரோ எடுத்திருக்கிறார்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. மலையில் தனியாக இருக்கிற மனிதரிடம் சொல்லிப் பயமுறுத்தவா என்று நினைத்து, "வெரசா கெளம்பி வாங்கண்ணே" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

ஆறே காலுக்கு இரண்டாவது பச்சை விழுந்தது. முந்தல் சாலையில் பாறை சரிவு, கேட்டது அறுபது, வந்தது அறுபது. மலை ஏறும் வழியில் ராக்கையா எடுத்து அனுப்பியிருந்த முப்பது வினாடி முடிந்ததும், சாலையோரம் ஆளே இல்லாமல் மழை பெய்துகொண்டிருந்தது. தோட்டக் கூலிகளை ஏற்றிக்கொண்டு ஜீப்பு ஒன்று மலையிலிருந்து இறங்கி வர, அதன் வெளிச்சம் கேமரா மேல் விழுந்து கடந்தது. பின்னால் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். கேமராவுக்கு நேராக வந்ததும் அத்தனை பேரும் பேச்சை நிறுத்தி முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்கள். யாரும் தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை. ஜீப்பு போன பிறகு கேமரா அதே திசையில், போடிப் பக்கம், இறங்கியது.

மூன்றாவது, பேருந்து நிலையத்துச் சாக்கடை. அது காலையில் நல்ல வெயிலில் ராக்கையா எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனது, இருபத்தைந்து வினாடிதான், காலையிலிருந்து சிவப்பாகவே நின்றது. ஆறரைக்கு அவள் கண் முன்னாலேயே எண்கள் ஏறின. இருபத்தாறு. இருபத்தேழு. ஐம்பதில் பச்சையானது.

பார்க்க வேண்டாம் என்று இருந்தது. பார்த்தாள். வெயில் சட்டென்று அறுந்து, மழையில் நனைந்த கடைத்தெரு வந்தது, விளக்குப் போட்ட கடைகள், குடைகள், மிளகாய் பஜ்ஜி எண்ணெயில் விழும் ஓசை. பூக்காரப் பெண்கள் தலையைத் தூக்காமலே கூடையைப் பின்னால் இழுத்து வழி விட்டார்கள். ஏலக்காய்க் கடையின் இரும்புக் கதவு வந்தது. கேமரா அங்கே நின்று மெதுவாக மேலே பார்த்தது. மாடியில் ஜன்னல், உள்ளே ட்யூப்லைட், ஹெட்போன் மாட்டிய ஒரு பெண்ணின் முதுகு.

அனுசியா ஹெட்போனைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஜன்னலுக்கு ஓடினாள். கீழே குடைகள் போய்க்கொண்டிருந்தன, எதிர்க் கடையில் ஒருவர் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். யாரும் மேலே பார்க்கவில்லை. திரும்பி வந்து மிச்சத்தை ஓட்டினாள். கேமரா அவளை விட்டுவிட்டுத் திரும்பி, சிலமலைக்குப் போகும் சாலையில் ஏறியது. தினமும் ராத்திரி எட்டு மணிக்கு அவள் பஸ்சில் போகிற சாலை அது.

அவள் வீடு சிலமலையில். கணவன் முத்துப்பாண்டி இடுக்கிப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் கங்காணி, சனிக்கிழமைதான் வருவான். நாலாம் வகுப்புப் படிக்கிற கார்த்திகா ஆறு மணிக்கு டியூஷன் முடிந்து வந்து, உள்தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு, அம்மா வரும்வரை தனியாக இருப்பாள். பக்கத்து வீட்டு முனியாயி அக்கா இருக்கிற தைரியத்தில்தான் இந்த ஏற்பாடு. முனியாயி அக்கா நேற்றே தேனிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள்.

வீட்டில் விட்டிருந்த பட்டன் போனுக்கு அடித்தாள். கார்த்திகா உடனே எடுத்தாள். வாயில் எதையோ மென்றுகொண்டே, கணக்குப் போட்டாச்சு, பொரி தின்கிறேன், இங்கே மழை ஜோர் என்றாள். அந்தக் குரலைக் கேட்டதும் அனுசியாவுக்கு அழுகையே வந்துவிட்டது. ஒன்றுமில்லை தங்கம், தாழ்ப்பாள் போட்டிருக்குல்ல என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு வைத்தாள்.

ஈஸ்வரன் கண்ணாடி அறைக்குள் முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டிருந்தார். அவள் மூச்சு வாங்கச் சொன்னதை அரைக்காதால் கேட்டார்.

"எவனாவது போன்ல எடுத்து ஒட்டி வெளையாடியிருப்பான். ராக்கையாகூட சுத்துறவனுங்க அப்படி. கட் பண்ணி ஓட்டும்மா."

"சார், நா வீட்டுக்குப் போகணும். பிள்ளை தனியா இருக்கா."

"ஏழு மணிக்கு இருவது நிமிசம் இருக்கு. நீ போயிட்டா யார் ஓட்டுவா, நானா? செய்தி முடிஞ்ச ஒடனே நானே வண்டில கொண்டு போய் விடுறேன். அந்த நாலாவது என்னாச்சு?"

நாலாவது: ஏலமலையில் மழைக்காலம், மூன்று நிமிடம். கடைசியில் நேரத்தை நிரப்ப அவள் காலையில் போட்ட டம்மி. ராக்கையா அதற்கு ஒரு வினாடிகூட எடுக்கவில்லை. அழித்துவிடட்டுமா என்று கேட்டாள். "அழிச்சா மூணு நிமிசம் நான் என்ன பாட்டா பாடுறது? பழசு ஏதாவது எடுத்துப் போடு. சோலியப் பாரு, போ" என்றார். இந்த ஒரு சொல்லுக்கு அவள் பணிந்திருக்கவே கூடாது. ஆனால் வேலை போனால் பிள்ளையின் பள்ளிக்கூடம் போகும் என்ற கணக்கு ஆறு வருடமாக அவள் உடம்பில் ஊறிக் கிடந்தது. போய் உட்கார்ந்தாள்.

ஏழு மணி. இசை. ஈஸ்வரன் வணக்கம் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த சல்லடைச் சத்தம் நின்று, கீழே கடையைப் பூட்டும் ஓசை வந்தது. முதல் வீடியோவை இருபத்திரண்டாவது வினாடியில் நிறுத்தினாள், இரண்டாவதை முப்பதில். மூன்றாவதை இருபத்தைந்தில். நாலாவதில் போடப் பழைய வீடியோ ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, அதை நுழைக்கலாம் என்று வரிசையின் அடியைப் பார்த்தாள்.

கேட்டது நூற்றெண்பது. வந்தது நான்கு.

ஐந்து.

வந்தவரைக்கும் பார்க்க முடியும். ஹெட்போனின் ஒரு பக்கத்தைக் காதில் வைத்துக்கொண்டு ஓட்டினாள். இருட்டில் புளியமரங்கள் இரண்டு பக்கமும் பின்னால் போய்க்கொண்டிருந்தன, பஸ்சைவிட வேகமாக, சத்தமே இல்லாமல். மழை. நெல் வயலில் தவளைகள். கேமரா நெருங்க நெருங்கத் தவளைகள் ஒவ்வொரு வயலாக அடங்கின. நாற்பத்தைந்தில் சிலமலையின் முதல் விளக்குக் கம்பம். ஐம்பத்தெட்டில் ரேஷன் கடை. அறுபத்தாறில் தெருக்குழாய்.

அவள் தெரு.

போன். அவசரத்தில் இரண்டு தடவை தப்பான எண். மூன்றாவதில் கார்த்திகா எடுத்தாள்.

"அம்மா, உன் ஆபீஸ்ல இருந்து யாரும் வந்திருக்காங்களா?"

"யாருடி? யாரு வந்தது?"

"தெரியல. கதவைத் தட்டல, பேசல. கீழ சந்து வழியா ஒரு சீட்டைத் தள்ளிவிட்டாங்க. ஈரமா இருக்கு. வாசிக்கவா?"

வேண்டாம் என்று சொல்வதற்குள் பள்ளிக்கூடத்தில் வாசிக்கிற குரலில் பிள்ளை ஆரம்பித்துவிட்டது.

"ஏலமலையில் மழைக்காலம். மூன்று நிமிடம். கேட்டவர், அனுசியா. உன் பேரு! எடுப்பவர், யாராவது."



"கார்த்தி. ஆத்தா. நான் சொல்றதைக் கேளு. யாரு வந்தாலும் கதவைத் தொறக்காத. நான் வந்தா மட்டும் தொற. வேற யாரு வந்தாலும் தொறக்கக் கூடாது. சரியா?"

"சரிம்மா. நீ வந்தா மட்டும்."

"போனை வைக்காத. கையிலயே வச்சிரு."

படத்தில் கதவு வந்துவிட்டது. பச்சைப் பெயிண்ட், கார்த்திகா ஒட்டிய வண்ணத்துப்பூச்சி ஸ்டிக்கர், மழையில் பளபளக்கும் நாதாங்கி. கேமரா வாசலில் நின்றது. சும்மா நின்றது.

நூற்றுப் பத்து. நூற்றுப் பதினொன்று.

இனி ஓடினாலும் எந்த வண்டியும் அவளைக் கொண்டு சேர்க்காது. எழுபது வினாடி மிச்சம். அழிக்கும் பொத்தானை அழுத்தினாள். செய்தி ஓடும்போது அழிக்க இயலாது என்றது கணினி. நேரத்தைக் குறைக்கப் பார்த்தாள். செய்தி ஓடும்போது மாற்ற இயலாது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஈஸ்வரன் உள்ளூர் விலை நிலவரம் வாசித்துக்கொண்டிருந்தார். அவள் கண்ணாடியில் அடித்தாள். அவர் முகம் சுளித்து, கையால் அடங்கு என்று காட்டினார்.

நூற்று இருபத்து நான்கு.

செய்தி ஓடும்போதும் மாற்றக்கூடியது ஒன்றே ஒன்று. பெயர். யார் எடுத்தது என்பதைக் கடைசி நேரத்தில் திருத்த வேண்டியிருக்கும் என்று அதை மட்டும் திறந்து விட்டிருந்தார்கள். எடுப்பவர் என்ற கட்டத்தில் கர்சர் மினுக்கியது. ராக்கையா என்று அடிக்கக் கை போனது. ரா என்று அடித்தும் விட்டாள். இந்நேரம் மலைப்பாதையில், இருட்டில், ஏதோ ஒரு ஜீப்பில் தொற்றிக்கொண்டு வருகிற மனிதர். அதை அவர் தலையில் கட்டக் கூடாது. அழித்தாள். யாராவது என்றுதானே இது வந்தது, யாருக்கும் சொந்தமில்லாத வேலை என்றுதானே எடுத்துக்கொண்டது, இனி இது என் வேலை, நான் பார்த்துக்கொள்கிறேன், நீ போ.

அனுசியா என்று அடித்து, அழுத்தினாள்.

எண் நின்றது. நூற்று முப்பத்தெட்டு.

நின்றேவிட்டது. அவள் மேசையில் தலை சாய்த்தாள்.  போய்விட்டது, போயே விட்டது என்று முணுமுணுத்தாள்.

நூற்று முப்பத்தொன்பது.

இப்போது படம் லேசாக ஆடியது. மனிதர்கள் கையில் ஆடுவது போல. மூச்சுச் சத்தம் கேட்டது, மாடிப்படி ஏறி வந்த பெண்ணின் மூச்சு போல. கண்ணாடி வளையல்கள் உரசின. கேமராவுக்கு முன்னால் ஒரு கை நீண்டு கதவை இரண்டு தடவை தட்டியது. அனுசியா தன் கையைப் பார்த்தாள். அதே வளையல்கள், அதே சிவப்பு, அதில் ஒன்று உடைந்து கீறியதால் நேற்று பிளாஸ்திரி ஒட்டிய அதே விரல். மேசை மேல்தான் இருந்தது அந்தக் கை. தூக்கப் பார்த்தாள். வரவில்லை.

"யாரு?" என்றாள் கார்த்திகா. போனிலும் கேட்டது, ஹெட்போனிலும் கேட்டது.

ஜன்னல் கம்பிக்குள் ஒரு சின்ன முகம் எட்டிப் பார்த்தது. அந்த முகம் மலர்ந்ததை அனுசியா திரையில் பார்த்தாள்.

"அம்மா! அதுக்குள்ள வந்துட்டியா?"

"தொறக்காத! கார்த்தி, அது நான் இல்ல! தொறக்காத!"

போன் எங்கோ மெத்தென்று விழுந்தது. ஓடுகிற கால் சத்தம். தாழ்ப்பாள் விலகும் ஓசை. கதவு திறந்து வீட்டு வெளிச்சம் திரை முழுக்கப் பரவியது. கேமரா உள்ளே போனது. கட்டில் மேல் கிடந்த போனிலிருந்து ஒரு சின்னக் குரல் திறக்காதே திறக்காதே என்று கத்திக்கொண்டிருப்பதை அனுசியா ஹெட்போனில் கேட்டாள். பிள்ளை அதைக் கவனிக்கவில்லை.

நூற்று அறுபது.

"ஏம்மா இப்படி நனைஞ்சு வந்திருக்க" என்று பெரிய மனுஷி மாதிரி திட்டிக்கொண்டே கார்த்திகா கொடியிலிருந்து துண்டை உருவி வந்தாள். முக்காலியை இழுத்துப் போட்டு, அதன் மேல் ஏறி, நுனிவிரலில் நின்று, கேமராவைத் தாண்டி மேலே, இன்னும் மேலே கையை நீட்டினாள். அண்ணாந்து பார்த்துச் சிரித்தாள். உத்தரத்துக்குப் பக்கத்திலிருந்து சேறு கலந்த நீர் அவள் நெற்றியில் சொட்டியது.

"எட்டலம்மா. கொஞ்சம் குனி."

கேமரா மெதுவாகக் குனியத் தொடங்கியது.